கடல் இல்லாத ராஜா படம்

லண்டனில் ஒரு கடல்சார் அருங்காட்சியகத்துக்காகப் படவிவரணை எழுதுகிறேன். பார்வை இல்லாதவர்கள் கணினியைக் காதால் கேட்டுப் படிக்கும்போது, ஓவியத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் நாலைந்து வரிகள். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் படம் வந்தபோது அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். எல்லோருக்கும் தெரிந்த உருவம்தானே.

காலை அகட்டி நிற்கிறார். ஒரு கையில் கையுறை, இன்னொரு கை இடுப்பில் தொங்கும் குத்துவாளுக்குப் பக்கத்தில். கிரீடம் இல்லை, செங்கோல் இல்லை, அந்தத் தோளும் காலுமே போதும் என்று ஓவியர் முடிவு செய்துவிட்டார். 1537இல் ஹான்ஸ் ஹோல்பைன் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் வரைந்த கோலம் இது. சுவரோவியம் 1698 தீயில் போய்விட்டது, அதற்கு முன்பே பார்த்துப் பார்த்து வரைந்துவைத்த நகல்கள்தான் இன்றைக்கு நாம் காண்பவை. எழுதி முடித்துப் படித்தால், கடல் என்ற சொல்லே இல்லை! கப்பற்படையை அவ்வளவு வளர்த்த ராஜாவின் படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அப்புறம் இங்கிலாந்தின் கௌட்ரி மாளிகையில் இருந்த கடற்போர் ஓவியத்தைத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் வந்தது. மூல ஓவியம் 1793இல் எரிந்துபோனது, 1778இல் வெளியான இந்தப் பிரதி தப்பியது. 1545 ஜூலை 19, பிரெஞ்சுப் படை எதிரே நிற்க, ராஜாவின் போர்க்கப்பலான மேரி ரோஸ் மூழ்கிவிட்டது. நீருக்கு மேலே பாய்மர நுனிகள் மட்டும், அதைச் சுற்றி மிதக்கும் உடல்கள். கரையில் சவுத்சீ கோட்டைக்குப் பக்கத்தில் குதிரைமேல் ராஜா. திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் அவரைக் கண்டுபிடித்தேன்.

ராஜாவைத்தான் எல்லோரும் தேடுவார்கள், அவரிலிருந்தே தொடங்கு என்றார் உடன் வேலை செய்யும் மூத்தவர். அப்படியே எழுதினேன். ஆனால் அந்த வாரக் கடைசியில் போர்ட்ஸ்மத் போய், 1982இல் மேலே தூக்கிய அந்தக் கப்பலின் பாதி உடலையும், மாலுமிகளின் சீப்புகளையும் செருப்புகளையும் பார்த்துவிட்டு வந்தேன். கப்பலில் சுமார் 500 பேர். எதிரி ஏறிவிடாமல் இருக்க மேல்தளத்தில் கட்டிய வலைதான் அவர்களையும் வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது. 35 பேர்கூடப் பிழைக்கவில்லை.

திங்கட்கிழமை முழு விவரணையையும் அழித்துவிட்டுப் பாய்மர நுனியிலிருந்து மறுபடி எழுதினேன். ராஜா நான்காவது வரியில் வருகிறார். மூத்தவரிடம் காட்டினேன், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி, இப்படியே இருக்கட்டும் என்றார்.