மேடையில் திரைக்கு என்ன வேலை?

நாடகத்தில் புரொஜெக்டரைப் பயன்படுத்துவது புதுமை என்று இன்றும் விளம்பரப்படுத்துகிறார்கள். ஆனால் 1927இலேயே பெர்லினில் நாடக இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் அதைத் துணிந்து செய்துவிட்டார். எர்ன்ஸ்ட் டோலரின் ‘ஹோப்லா, நாம் வாழ்கிறோம்’ நாடகத்தில், மனநல விடுதியில் 8 ஆண்டுகள் அடைபட்டிருந்த புரட்சிக்காரன் ஒருவன் வெளியே வருகிறான். அதற்குள் உலகம் எவ்வளவு மாறிப்போனது என்பதை வசனமாக எழுதினால் பக்கம் பக்கமாக நீளும்; பிஸ்காட்டர் அதைப் படமாக ஓடவிட்டார். நடிகரின் உடலாலும் குரலாலும் ஆகாத வேலையைத் திரை செய்தது என்பதால்தான் அதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

இன்று பல மேடைகளில் நடப்பது வேறு. காடு வேண்டுமா, காட்டின் படம். அரண்மனை வேண்டுமா, அரண்மனையின் படம் என்று, வரைந்த படுதா தொங்கிய இடத்தில் ஒளியாலான படுதா வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் நட்டம் நடிகருக்கே. நம் கண் பெரியதையும் வெளிச்சமானதையும் அசைவதையும் தேடிப் போகும். மேடை முழுவதும் கடல் அலையடிக்கும்போது, முன்னால் நிற்பவரின் புருவம் நெரிவதை யார் பார்ப்பார்கள்? போதாக்குறைக்கு, முன்விளக்குகளின் ஒளி திரையில் சிந்தினால் படம் வெளிறிவிடும் என்று அவற்றைக் குறைத்துவிடுவதால், நடிகரின் முகம் இருட்டுக்குள் போய்விடுகிறது. பக்கவாட்டு விளக்குகளைக் கொண்டு இதைச் சரிசெய்யலாம்; அதற்கு ஒளியமைப்பாளரும் காணொளி தயாரிப்பவரும் ஒத்திகையின் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து உட்கார வேண்டும்.

முன்கூட்டியே எடுத்த படத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆல்ஃப்ரெட் ராதோக்கும் ஜோசப் ஸ்வோபோதாவும், படத்தையும் மேடையில் இயங்குபவர்களையும் இணைத்துப் படைத்த ‘லாத்தெர்னா மாகிகா’ நிகழ்ச்சி பார்த்தவர்களை வியக்க வைத்தது. ஆனாலும் மேடையில் இருந்தவர்கள் படத்தின் தாளத்துக்குக் கட்டுப்பட்டே இயங்க வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று படம் காத்திருக்காது.

நேரலைக் கேமரா அந்தக் கட்டை அவிழ்த்தது. லண்டன் நேஷனல் தியேட்டரில் 2006இல் கேட்டி மிட்செல் இயக்கிய ‘வேவ்ஸ்’, மனத்துக்குள் ஓடும் பேச்சாகவே எழுதப்பட்ட வர்ஜீனியா வுல்ஃபின் நாவலிலிருந்து உருவானது. நடிகர்களே கேமராவையும் விளக்கையும் கையில் எடுத்தார்கள். ஒலிகளையும் அவர்களே எழுப்பினார்கள். ஒருவர் கண்ணாடித் தகட்டின் பின்னால் உட்கார, இன்னொருவர் அதன்மேல் தண்ணீரைத் தெளிக்க, மேலே திரையில் மழை வழியும் சன்னலோரத்தில் ஒரு முகம் தெரியும். அந்த முகத்தையும், அதை உண்டாக்கும் கைகளையும் ஒரே கணத்தில் பார்க்கும் வாய்ப்பைச் சினிமாக் கொட்டகை தராது. கேமராவிலிருந்து புரொஜெக்டருக்குப் படம் போய்ச் சேரச் சில ஃபிரேம்கள் தாமதமாகும் என்பதால், உதட்டசைவு குரலுக்குச் சற்றுப் பின்தங்குவது இத்தகைய நாடகங்களில் உண்டு. குரலையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளிப்பார்கள். அந்தப் பிசிறு எனக்குக் குறையாகப் படவில்லை, ஏனெனில் இங்கே நடிகர் ஒரு மூச்சு கூடுதலாக நிறுத்தினாலும் படம் அவரோடு நிற்கிறது.