ஏர்லாக்ல குமிழியே காணோம்!

முதல் தடவையா வீட்ல பீர் போட்டேன், ஈஸ்ட் போட்டு முப்பது மணி நேரமாச்சு, ஏர்லாக்ல (கேஸ் வெளிய போறதுக்கு பக்கெட் மூடியில சொருகுற, தண்ணி ஊத்துன சின்னக் குழாய்) ஒரு குமிழி கூட வரல. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாக்குறேன், வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க.

அப்புறம்தான் தெரிஞ்சுது, ஈஸ்ட் வேலைய ஆரம்பிக்கவே சில சமயம் மூணு நாள் வரைக்கும் ஆகுமாம். குமிழியயும் நம்பக் கூடாது, மூடி சரியா உக்காரலன்னா கேஸ் அந்தப் பக்கமா போயிடும். என் கதையும் அதேதான், பக்கெட் மூடிய சுத்தி சோப்புத்தண்ணி தடவுனேன், ஒரு ஓரத்துல புஸ்ஸுனு நுரை வந்துச்சு. உள்ள பாத்தா மேல பழுப்பு கலர்ல ரெண்டு இஞ்ச் நுரை, ஓரமெல்லாம் கசடு ஒட்டியிருக்கு, அடச்சே இதுக்கா பயந்தோம்னு ஆயிடுச்சு.

உண்மைய சொல்றது பீரோட அடர்த்திய அளக்குற ஹைட்ரோமீட்டர் மட்டும்தான், சர்க்கரைய ஈஸ்ட் தின்னத் தின்ன நம்பர் இறங்கும். ஆரம்பத்துல 1.048, நாலாம் நாள் 1.020, பத்தாம் நாள் 1.012. ரெண்டு மூணு நாள் விட்டு பாத்தும் அதே நம்பர் நின்னாதான் பாட்டில்ல அடைக்கணும், அவசரப்பட்டா உள்ள கேஸ் சேந்து பாட்டில் வெடிக்கும், சும்மா சொல்லல. அளந்து பாத்தத திரும்ப உள்ள ஊத்தாதீங்க, பீருக்குள்ள கிருமி போயிடும், குடிச்சுப் பாருங்க. எனக்கு கேஸ் போன சோடா மாதிரி சப்புனு இருந்துச்சு, ஆனா புளிப்பு இல்ல, அது போதும்.