மலை ஓட்டத்தில் வயிறு மக்கர் பண்ணினால்

தேனிப் பக்கத்துக் குரங்கணியிலிருந்து மூணாறு மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு ஓடி ஏறும்போது குமட்டினால் இன்னொரு எனர்ஜி ஜெல்லைப் (ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) பிதுக்காதீர்கள். ரத்தம் கால் தசைக்கும் தோலுக்கும் போய்விடுவதால் குடல் வேலை மந்தம். உள்ளே போன சர்க்கரை அப்படியே தேங்கிக் கிடக்கும்.

முதலில் நடங்கள், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்துக்கு. 15–20 நிமிடம் சாப்பாடு வேண்டாம், அவ்வப்போது ஒரு மடக்கு தண்ணீர். அடங்கியதும் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி (எந்த ஜெல்லையும் விட எனக்கு இதுதான் உசத்தி). பிறகு மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தில் தொடங்கி மெல்ல 60க்கு.

1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அரை லிட்டரில் கரைக்காதீர்கள், வயிற்றுப்போக்கு கூடும். மூணாறு பக்கத்துக் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) ஆசை காட்டும். வயிறு போகும்போது தொடவேண்டாம்.

கால்வலிக்கு ஐபுப்ரோஃபென்? கூடவே கூடாது. நீர் வற்றிய உடம்பில் குடலோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாந்தியில் ரத்தமோ, பேச்சில் குழப்பமோ தெரிந்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி மருத்துவ உதவி கேளுங்கள்.