நான் சொல்லாமல் விட்ட குளிசை

மல்லாவியிலிருந்து பஸ் ஏறி மார்பு நோய் கிளினிக்குக்குப் போன முதல் நாளே, "வேறு ஏதும் மருந்து பாவிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பொய் சொல்லும் எண்ணமில்லை. சின்னவன் பிறந்த பிறகு இரவுச் சாப்பாட்டோடு போட்டுவந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை நான் மருந்தாகவே நினைத்ததில்லை. மருந்தென்றால் வருத்தத்துக்குத்தானே. போதாததற்குப் பக்கத்தில் மாமி வேறு.

காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை. முதல் 2 மாதமும் வெறும் வயிற்றில் மூன்று குளிசை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது அதிலுள்ள ரிபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் என்று முன்பே சொல்லியிருந்ததால் அதற்குப் பயப்படவில்லை. பயந்தது ஐந்தாம் கிழமை. குடும்பக் கட்டுப்பாட்டு அட்டையில், மாதவிடாய்க்கு முன் முடியவேண்டிய வெள்ளைக் குளிசை இன்னும் ஒன்பது கிடக்க, உடுப்பில் இரத்தக்கறை. ஒரு நாளும் விடவில்லையே என்று அட்டையைத் திருப்பித் திருப்பி எண்ணினேன்.

சின்னவனை நிறுக்கப் போன இடத்தில் மருத்துவமாது அக்காவிடம் மெல்லச் சொன்னேன். என் சிகிச்சை அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"பிள்ளை, ரிபாம்பிசின் ஈரலை முடுக்கிவிடும். குளிசையில இருக்கிற ஹோர்மோனை அது கெதியா உடைச்சுப்போடும். நீர் ஒழுங்காப் போட்டும் நம்பேலாது."

வலிப்புக்குக் குடிக்கும் கார்பமாசெபின், பெனிடொயினும் இப்படித்தானாம். போன வருடம் தொண்டை நோவுக்கு அமொக்சிசிலின் குடித்தேனே என்று கேட்டேன். அதனால் பிழையில்லை, வாந்தி, வயிற்றோட்டம் வந்தால்தான் கவனிக்க வேணும் என்றார்.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு கோடுதான் வந்தது. அதுவரைக்கும் மூச்சு விட்டேனோ தெரியாது. கையில் தோலுக்குக் கீழ் வைக்கும் குச்சிக்கும் ரிபாம்பிசினோடு அதே கதிதான் என்பதால், மிஞ்சியது கருப்பைக்குள் வைக்கும் லூப்பும் 3 மாத ஊசியும். லூப் என்றால் எனக்கு ஏனோ ஒரு கூச்சம். ஊசி போட்டுக்கொண்டேன், முதல் 7 நாளும் ஆணுறை. கிளினிக்கிலும் விஷயத்தைச் சொல்லி அட்டையில் எழுதுவித்தேன், இந்த முறை மாமியை வெளியே இருத்திவிட்டு.

கடைசிக் காசநோய்க் குளிசை முடிந்த அன்றே பழைய குடும்பக் கட்டுப்பாட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். "பொறும். ஈரல் பழைய நிலைக்கு வர இன்னும் 4 கிழமை வேணும்" என்று கலண்டரில் விரல் வைத்து எண்ணினார். இரண்டாவது ஊசியின் தவணை அதற்கும் பிறகுதான் முடிகிறது. அந்தத் திகதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தந்தார்.