டாங்கே என்றால் வேண்டாம்

ரோமில் படிக்கும் இந்தியச் சாமியார்களுக்கு ஆகஸ்ட் என்றால் ஜெர்மனி. அங்கே பள்ளி விடுமுறை, பங்குச்சாமியார்களும் அப்போதுதான் ஓய்வெடுக்கக் கிளம்புவார்கள். கோவிலைப் பூட்டிவிட்டா போக முடியும்? 4 வாரத்துக்குப் பதில் ஆள் வேண்டும். அப்படித்தான் நானும் ஒரு துணிப்பெட்டியும் அம்மா கொடுத்துவிட்ட நாரத்தங்காய் ஊறுகாய் பாட்டிலுமாக, பிரென்னர் கணவாய் வழியே ரயிலில் போய் பவேரியாவில் ஒரு கிராமத்தில் இறங்கினோம்.

வரவேற்க மெஸ்னர் வந்திருந்தார். கோவில் சாவி, மணி, மெழுகுவர்த்தி, பூசைத் துணி எல்லாம் அவர் பொறுப்பு. நம் ஊர் உபதேசியார் மாதிரி. வயது எழுபதுக்கு மேல். முதல் அரை மணி நேரம் எனக்குக் குப்பையைப் பற்றித்தான் பாடம் எடுத்தார். காகிதம் ஒரு தொட்டி, காய்கறித் தோல் ஒரு தொட்டி, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள் பை. பூசைக்கு எத்தனை மணி என்பதை அப்புறம்தான் சொன்னார்.

தெருவில் எதிர்ப்படுகிற எல்லோரும் "குரூஸ் காட்" என்பார்கள். கடவுள் பேரைச் சொல்லி வணக்கம். எங்கள் ஊர்ப் பாட்டிகளின் "தோத்திரம் சாமி" காதில் விழுந்த மாதிரி இருக்கும். சிக்கலெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான்.

பங்கில் உள்ள பெண்கள் முறை வைத்து, தினம் ஒரு வீட்டில் எனக்கு மதியச் சாப்பாடு என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். நம் ஊரில் பூசை முடிந்ததும் தேசியக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுப்போம். அங்கே ஆளாளுக்கு ஒரு மூலிகைக் கட்டோடு கோவிலுக்கு வந்தார்கள். நடுவில் மஞ்சள் பூ பூத்த நெட்டைத் தண்டு ஒன்று, சுற்றிலும் சாமந்தி வகைகளும் வாசனைத் தழைகளும். மந்திரித்து வாங்கிப் போய் வீட்டில் தொங்கவிடுவார்களாம். இடி மின்னல் வந்தால் ஒரு கிள்ளு எடுத்து நெருப்பில் போடுவார்களாம். பொங்கலுக்கு முன்னால் கொங்குப் பக்கம் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டுவோமே, அதுவேதான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மதியம் பன்றி வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும். தோல் மொறுமொறு என்று, சொர்க்கம். அந்த அம்மா தட்டை நீட்டி "இன்னும் கொஞ்சம்?" என்றார். நான் முகமெல்லாம் மலர "டாங்கே!" என்றேன். நன்றி என்றுதானே பொருள். தட்டு உள்ளே போய்விட்டது. மேசை ஒழுங்கோ என்னவோ என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு வீட்டில் அழைப்பு. "சாமிக்காக ரைஸ் செய்கிறோம்" என்றார்கள். சோறு! 2 வாரமாக ரொட்டியைக் கடித்துக் கடித்துத் தாடை தேய்ந்தவனுக்கு இந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்? ஊறுகாயில் கொஞ்சத்தைச் சின்ன டப்பாவில் போட்டுக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

வந்தது மில்ஷ்ரைஸ். பாலில் குழைய வெந்த அரிசி, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும், பக்கத்தில் ஆப்பிள் மசியல். பாயசம் என்றால் பரவாயில்லை, முதலில் ஒரு கரண்டி என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை. அதுதான் சாப்பாடே. வெள்ளிக்கிழமை கறி கிடையாது, இனிப்புப் பலகாரமே மதிய உணவு என்பது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கமாம். டப்பா பையிலேயே கிடந்தது.

ஒருவழியாகக் கிண்ணத்தைக் காலி செய்தேன். உடனே கரண்டி நீண்டது. மென்மையாக மறுக்க வேண்டும். "தயவுசெய்து வேண்டாம்மா" என்கிற பாவனையில் கையைக் கூப்பி "பிட்டே, பிட்டே" என்றேன். தயவுசெய்து என்றுதானே பொருள். குவியலாக வைத்தார். இன்னும் உருக்கமாக "பிட்டே!" என்றேன். இன்னொரு குவியல்.

கிராமத்தில் செய்தி பரவ வாட்ஸ்அப் எதற்கு? ஞாயிறு பூசை முடிவதற்குள் "இந்தியச் சாமி மில்ஷ்ரைஸ் என்றால் உயிரை விடுகிறார், கெஞ்சிக் கெஞ்சி வாங்கிச் சாப்பிட்டார்" என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. திங்கள் மில்ஷ்ரைஸ். செவ்வாய் மில்ஷ்ரைஸ், செர்ரிப் பழத்தோடு. புதனன்று ஒரு பாட்டி தட்டை மூடிக் கொண்டுவந்து, கண்ணடித்துவிட்டுத் திறந்தார்.

வியாழக்கிழமை மெஸ்னரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாப்பாடு நீட்டும்போது 'டாங்கே' என்றால் வேண்டாம் என்று பொருளாம். 'பிட்டே' என்றால் போடுங்கள். சென்னையில் ஜெர்மன் படித்தபோது வேற்றுமை உருபை உருப்போட்ட நேரத்தில் இதை ஒருவரும் சொல்லித் தரவில்லையே!

அன்று ராத்திரி அவர் வீட்டுத் தோட்டத்தில் சாசேஜ் சுட்டார். நான் "பிட்டே" சொல்லி 3 வாங்கினேன். கடைசியில் டப்பாவைத் திறந்து, அவர் தட்டில் ஒரு துண்டு நாரத்தங்காய் வைத்தேன். வாயில் போட்டார். முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி, ஒரு குவளை பீர் ஒரே மூச்சில் இறங்கியது.

"இன்னும் கொஞ்சம்?" என்றேன்.

"டாங்கே! டாங்கே!" என்று இரண்டு கையாலும் தட்டை மூடினார்.

நன்றிதானே சொல்கிறார் என்று விரலை விலக்கி இன்னொரு துண்டு வைத்தேன்.