திமிர் பிடித்த நாயனக்காரரோடு மூன்று வாரம்

கர்வம் பிடித்த ஒருவரைத் தன்மையில், அவரே ‘நான்’ என்று சொல்கிற மாதிரி, எழுதிப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. ஆள் ஒரு நாதஸ்வர வித்வான். ஒரு கல்யாணக் காலைதான் மொத்தக் கதையும். ‘திமிரி’ என்று தலைப்பும் வைத்தாயிற்று. நீளம் குறைந்த, சுருதி கூடிய பழைய நாயனத்துக்கு அதுதான் பெயர். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தைப் பிரபலமாக்கிய பிறகு ஊரே அதற்கு மாறியது. என் ஆள் மாறவில்லை.

முதல் வாரம் எழுதியதைப் படித்த அக்கா, “இந்த மனுஷனை யாரும் ஒரு அறை விடலையாடா?” என்றாள். எண்ணிப் பார்த்தேன். மூன்று பக்கத்தில் ‘நான்’ மட்டும் 58 தடவை.

இரண்டாவது வாரம் சிறுவயது வறுமை, குருவிடம் வாங்கிய அடி எல்லாம் சேர்த்தேன். இன்னும் மோசம். கர்வப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் ‘நான்’களை அடிக்க ஆரம்பித்தேன். தமிழில் இது ஒரு வசதி: ‘வாசித்தேன்’ என்றாலே ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். கர்வம் குறையும் என்று நினைத்தால் கூடிவிட்டது! தன்னைத் தனியாகச் சொல்லவே தேவையில்லை என்கிற தோரணை. தோடி ராகம் பற்றிய பேச்சில் மட்டும் ஒரு ‘நாம’ விட்டுவைத்தேன்: “பிள்ளைவாளுக்கு அப்புறம் தோடின்னா நாமதான்.”

சரி, திமிர் வந்துவிட்டது. பிரியம்?

அது சீவாளியில் கிடைத்தது, நாயனத்தின் முனையில் செருகி ஊதுகிற அந்தச் சின்னத் துண்டில். கூட வாசிக்கும் பையனுடைய சீவாளி முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிளந்துவிடுகிறது. நாயனத்தில் கட்டித் தொங்கும் கொத்திலிருந்து, நன்றாகப் பழகியதாக ஒன்றை அவிழ்த்துக் கொடுக்கிறார். “வாசிக்கத் தெரியாதவனுக்குச் சீவாளியாவது நல்லதா இருக்கட்டும்.” மனசுக்குள் அவர் சொல்லிக்கொள்ளும் காரணம்: பக்கத்தில் அபஸ்வரம் விழுந்தால் கேவலம் தனக்குத்தான். அவரிடம் இருந்த ஒரே ஒரு நல்ல சீவாளி அதுதான் என்பதை நான் எழுதவில்லை. அடுத்த பத்தியில் அவர் பழைய ஒன்றை எச்சிலில் ஊறவைத்துக்கொண்டு மண்டபத்து ஏசியைத் திட்டுகிறார், அவ்வளவுதான். அக்கா அந்த இடத்தில் ஒன்றும் பேசாமல் பக்கத்தைத் திருப்பினாள்.

இப்போது முட்டி நிற்பது கெட்டிமேளத்தில். தோடி உச்சிக்கு ஏறும்போது சாஸ்திரிகள் விரலைத் தூக்குகிறார், ஆலாபனையைப் பாதியில் வெட்ட வேண்டும். அந்த அவமானத்தை அவர் தனக்குத்தானே எப்படிச் சொல்லிக்கொள்வார்? “சாஸ்திரிகளுக்குப் பொறாமை” என்று எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வருகிறது, ஆனால் கொஞ்சம் மலிவு. நாளைக்கு வேறு மாதிரி எழுதிப் பார்க்க வேண்டும்.