அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

கொழிஞ்சாம்பாறை அக்கா ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் கொடுத்துவிட்டிருந்தார். “பருப்பே வேக மாட்டேங்குது, என்னன்னு பாரு தம்பி.”

தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகமானால் பருப்பு எளிதில் வேகாது. அந்தக் கடினத்தன்மையைப் பார்க்க முதலில் அம்மோனியா பஃபர், அதாவது பிஹெச் மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல், வேண்டும். 67.5 கிராம் அம்மோனியம் குளோரைடை 570 மில்லி அடர் அம்மோனியாவில் கரைத்து, வாலைவடிநீர் சேர்த்து 1 லிட்டராக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் இந்தச் சித்திரை வெயிலில் அம்மோனியா பாட்டிலை அப்படியே திறந்துவிடக் கூடாது, உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிரவிட்டு, ஃபியூம் ஹூடுக்குள் (புகையை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) மெதுவாகத் திருகினேன். அப்படியும் கண் கரித்தது.

மீட்டர் பிஹெச் 10 காட்டியதும்தான் நிம்மதி. அது இறங்கிவிட்டால், கடினத்தன்மையை அளக்கச் சொட்டுச் சொட்டாக விடும் ஈடிடிஏ கரைசல் தண்ணீரிலுள்ள மக்னீசியத்தைச் சரியாகப் பிடிக்காது, நிறம் மாறும் இடமும் மங்கிவிடும்.

அப்புறம் அக்காவின் தண்ணீர். பஃபரும் நிறங்காட்டியும் சேர்த்து ஈடிடிஏவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒயின் சிவப்பு மெல்ல ஊதாவாகி, கடைசிச் சொட்டில் சுத்தமான நீலம். எவ்வளவு அழகு!